விளம்பரமும் வாய்ச்சொல்லும்: தொடக்ககாலத் தமிழ் சினிமாவை முன்வைத்து

தமிழ்நாட்டுக்குச் சினிமா வந்த முதல் அரை நூற்றாண்டில், படங்களை மக்களிடம் கொண்டு சேர்க்கப் பல விளம்பர உத்திகள் கையாளப்பட்டன. தட்டி வண்டி, துண்டு நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், நாளிதழ் விளம்பரம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இக்கட்டுரை அவற்றை ஒரு கேள்வியின் வழியாக மதிப்பிடுகிறது: விளம்பரம் சொன்னது உண்மையா என்று சரிபார்க்கப் பார்வையாளருக்கு எவ்வளவு அவகாசம் இருந்தது?

கருவியே காட்சிப்பொருள்

1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டினர். அடுத்த ஆண்டில் மார்செலின் ஒசோல் என்ற ஓவியர் அவர்களுக்காக ஒரு சுவரொட்டி வரைந்தார். அதில் திரையில் ஓடும் படம் ஒரு பக்கம் இருக்க, அதைப் பார்த்துச் சிரிக்கும் மக்கள் முன்னால் இருக்கின்றனர். 'இங்கு வந்தால் நீங்களும் இப்படி மகிழலாம்' என்பதே அதன் செய்தி. பார்வையாளருக்குப் பார்வையாளரையே காட்டி அழைக்கும் இந்த உத்தி, சினிமா விளம்பரத்தின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது.

தென்னிந்தியாவில் இந்தக் கட்டத்தின் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூரில் பிறந்து, திருச்சியில் ரயில்வே பணியில் இருந்த இவர், 1905இல் து பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். ஏசுநாதர் வாழ்க்கை பற்றிய படத்துடன் ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். அன்று படத்தின் பெயரோ நடிகர் பெயரோ விளம்பரத்துக்குத் தேவைப்படவில்லை. படம் அசைகிறது என்பதே போதுமான செய்தியாக இருந்தது.

எண்ணிக்கை என்னும் உத்தி

புதுமை பழகியதும் வேறு கவர்ச்சி தேவைப்பட்டது. பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' 1913இல் வெளியானது. சூரத்தில் அதற்குக் கூட்டம் சேரவில்லை என்றும், குறைந்த கட்டணத்தில் பல மணி நேர நாடகம் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றரை மணி நேரப் படத்துக்கு மூன்றணா கொடுக்கத் தயங்கினர் என்றும் திரைப்பட வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அதற்குப் பால்கே கண்ட மாற்று, 57,000 புகைப்படங்கள், இரண்டு மைல் நீளம், எல்லாம் மூன்றணாவுக்கு என்ற விளம்பரம். கூட்டம் வந்தது. அளவு என்பது தரத்தின் இடத்தில் வந்து அமர்ந்த தருணம் இது.

தமிழிலும் இதே போக்கைக் காணலாம். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும்படம் எனக் குறிக்கப்படுகிறது. ஆனால் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழிலும், நாயகன் தெலுங்கிலும் பேசினர். கதைக்குத் தொடர்பில்லாத தியாகராஜர் கீர்த்தனைகளும், மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய காந்தியின் இராட்டினத்தைப் பற்றிய பாட்டும் படத்தில் இடம்பெற்றன. 'பேசுகிறது, பாடுகிறது' என்பதுதான் மக்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி. அது நிறைவேறியதால் மொழிக்கலப்பு குறையாகத் தோன்றவில்லை. 1934இல் வந்த 'பவளக்கொடி'யில் 50 பாடல்கள் இருந்தன. எண்ணிக்கை விளம்பரத்தோடு நிற்காமல் படத்தின் அமைப்பையே தீர்மானிக்கத் தொடங்கியதற்கு இது சான்று.

1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்காகக் கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. அந்தத் தொகையே படத்தின் பெரிய விளம்பரமாகிவிட்டது. ஆனால் ஆனந்த விகடனில் விமர்சனம் எழுதிய கல்கி, நடிப்புக்கான பாராட்டைப் பனைமரத்துக்கும் எருமைக்கும் கொடுத்துக் கேலி செய்தார். லட்சம் ரூபாயின் பெருமைக்கு முன் ஒரு விமர்சகரின் கேலி நிலைத்து நின்றது.

தட்டி வண்டியும் டூரிங் கொட்டகையும்

சிற்றூர்களில் விளம்பரம் வேறுவிதமாக இயங்கியது. மூங்கில் தட்டியில் சுவரொட்டி ஒட்டி, மாட்டு வண்டியின் இருபுறமும் சாய்த்துக் கட்டி, கொட்டு முழக்கத்தோடு தெருக்களில் வருவார்கள். வண்டியிலிருந்து வீசப்படும் வண்ண நோட்டீசுகளுக்குப் பிள்ளைகள் ஓடுவார்கள். மாலையில் கொட்டகை ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று பொருள். 'இன்றே கடைசி' என்ற சிறு தாள், தயங்கியவரையும் தரை டிக்கெட்டுக்கு இழுத்துவிடும்.

இவ்விளம்பரங்கள் மிகைப்படுத்தாமல் இல்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு கடிவாளம் இருந்தது. படப்பிரதிகள் குறைவு. ஒரு படம் சென்னையிலும் மதுரையிலும் ஓடி, பிறகே திண்டுக்கல் போன்ற ஊருக்கு வரும். அங்கிருந்து வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வட்டாரக் கொட்டகைகளைச் சேர மேலும் காலமாகும். அதற்குள் சந்தைக்கும் திருமணத்துக்கும் போய்வந்தவர்கள் படம் எப்படி என்று சொல்லியிருப்பார்கள். மேலும், கொட்டகைக்காரர் அடுத்த படத்துக்கும் அதே ஊராரைத்தான் அழைக்க வேண்டும். ஆகவே பொய் சொன்னால் அவருக்கே நட்டம்.

பாட்டுப் புத்தகம்

கொட்டகை வாசலில் சில காசுகளுக்கு விற்ற பாட்டுப் புத்தகம் தனியாகக் கவனிக்கத்தக்கது. அதில் நடிகர் பட்டியலும் பாடல்களும் கதைச்சுருக்கமும் இருக்கும். கதை உச்சத்தை எட்டும்போது நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கும் விளம்பரம் இது. ஆயினும் வாங்கியவருக்குப் பயனும் இருந்தது: வீட்டில் வைத்துப் பாடலாம், படம் பார்க்காதவருக்குப் படித்துக் காட்டலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய பாட்டுப் புத்தகங்கள் பாதுகாக்கப்படுகின்றன. படச்சுருள் அழிந்துபோன பல படங்களைப் பற்றி அறிய இன்று விளம்பரமே ஆவணமாக எஞ்சியிருக்கிறது.

'சந்திரலேகா' ஏற்படுத்திய மாற்றம்

எஸ். எஸ். வாசன் பத்திரிகைத் துறைக்கு வருமுன் விளம்பர முகவராகப் பணியாற்றியவர். 1928இல் ஆனந்த விகடனை வாங்கி வளர்த்தவர். அவருடைய ஜெமினி ஸ்டூடியோ சுமார் 30 லட்சம் ரூபாய் செலவில் எடுத்த 'சந்திரலேகா' 1948 ஏப்ரல் 9 அன்று தென்னிந்தியாவில் 40க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் ஒரே நாளில் வெளியானது. அதே ஆண்டு டிசம்பர் 24இல் இந்தி வடிவமும் பெரும் விளம்பரத்துடன் வந்தது.

படத்தின் முரசு நடனம் விளம்பரம் சொன்ன பிரம்மாண்டத்தை மெய்யாகவே தந்தது, வாசன் ஏமாற்றவில்லை. ஆனால் வெளியீட்டு முறையில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. பல ஊர்களில் ஒரே நாளில் படம் வந்தால், முதலில் பார்த்தவர் அடுத்த ஊருக்குச் சொல்ல நேரமில்லை. இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டதாகப் புகழப்பட்டது. அது பார்த்தவர்கள் தந்த சான்று. 'சந்திரலேகா'வுக்கான கூட்டமோ, பார்ப்பதற்கு முன்பே விளம்பரத்தால் திரட்டப்பட்டது.

மதிப்பீடு

தொடக்ககால விளம்பரக்காரர்கள் நேர்மையானவர்கள், பின்வந்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று முடிவு கட்டுவது சரியன்று. எண்ணிக்கையைக் காட்டி அழைப்பதைப் பால்கேயும் செய்தார், வாசனும் செய்தார். வேறுபாடு வேகத்தில்தான் இருக்கிறது. படப்பிரதி மெல்ல நகர்ந்த காலத்தில் விளம்பரத்தை வாய்ச்சொல் பிடித்துவிட்டது. ஒரே நாள் வெளியீடு பரவியபோது விளம்பரம் முந்திக்கொண்டது. முதல் மூன்று நாள் வசூலை வைத்தே வெற்றியை அறிவிக்கும் இன்றைய வழக்கம் இதன் தொடர்ச்சியே.

நல்ல படத்துக்கு இந்த வேகம் கெடுதல் செய்யாது. பெரிய விளம்பரம் செய்ய வசதியில்லாத சிறிய படத்துக்குத்தான் இழப்பு. பார்த்தவர் சொல்லிக் கூட்டம் சேர்வதற்குள் அது திரையரங்கைவிட்டே எடுக்கப்பட்டுவிடுகிறது. தட்டி வண்டிக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையே இருந்த அந்த நாட்கள், விலை இல்லாத விமர்சனம் உருவான காலம். தொடக்ககாலச் சினிமாவிலிருந்து நாம் இழந்தவற்றுள் அதையும் சேர்த்து எண்ண வேண்டும்.