தொடக்கக் கோடு எங்கே? – ஒரு நூலும் நம் வகுப்பறையும்

தியோ யூ யென் எழுதிய ‘திஸ் இஸ் வாட் இனிக்வாலிட்டி லுக்ஸ் லைக்’ 2018இல் எத்தோஸ் புக்ஸ் வெளியீடாக வந்த கட்டுரைத் தொகுப்பு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகச் சமூகவியலாளரான இவர், வாடகை வீடுகளில் வாழும் குறைந்த வருமானக் குடும்பங்களை நேரில் சந்தித்துப் பேசி இதை எழுதியிருக்கிறார். நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆனாலும் அக்கம்பக்கப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் நாம் படிக்க வேண்டியது.

கல்வி பற்றிய கட்டுரையின் வாதம் எளிமையானது. தொடக்கநிலை 1இல் சில பிள்ளைகள் வாசிக்கத் தெரிந்தே வகுப்புக்குள் வருகிறார்கள். வேறு சிலர் வாசிப்பைக் கற்கவே பள்ளிக்கு வருகிறார்கள். முன்கூட்டியே கற்றதை நாம் ‘திறமை’ என்கிறோம். மற்றவருக்கு ‘மெதுவாகக் கற்பவர்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஏழைப் பெற்றோருக்கும் பிள்ளை படிக்கணும்கிற ஆசை குறைவில்லை. வேலை நேரம், பணம், இட வசதி ஆகியவையே குறைவு என்பதை நூல் பொறுமையாகக் காட்டுகிறது. ‘பெற்றோருக்கு அக்கறையே இல்ல’ என்று ஆசிரியர் அறையில் சொல்லும்முன் ஒருமுறை யோசிக்க வைக்கும் பகுதி இது.

இங்கேதான் சமூக ஆதரவு பற்றிய கேள்வி வருகிறது. சிங்கப்பூரில் உதவி பெரும்பாலும் இனவாரியாக அமைந்திருக்கிறது: மெண்டாக்கி 1982, சிண்டா 1991, சீன மேம்பாட்டு உதவி மன்றம் 1992. சிண்டாவுக்கு இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை போகிறது. அந்தப் பணம் பல பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பாகக் கிடைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் துணைப்பாட வகுப்புக்குப் போகிறானே! இரண்டு பேரும் ஓட, இடைவெளி அப்படியே இருக்கும். பந்தயத்தில் ஓட உதவுவது ஒன்று, தொடக்கக் கோட்டைச் சரிசெய்வது இன்னொன்று. நூலாசிரியர் இனத்தை மையப்படுத்தாததற்கு விளக்கம் தந்திருக்கிறார், அது நியாயமானதே. இருந்தாலும், உதவியே இனவாரியாக வரும் ஊரில் அந்த அமைப்புகளைப் பற்றி இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம்.

தமிழாசிரியருக்கு இன்னொரு குறையும் தென்படும். தாய்மொழி வகுப்பு நூலில் அதிகம் இடம்பெறவில்லை. நம் வகுப்பில் கதை சற்று மாறும். வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளை, மற்ற பாடங்களில் பின்தங்கியிருந்தாலும் இங்கே சரளமாகப் பேசுவான். பாட்டி சொன்ன கதை, சந்தையில் கேட்ட சொல் எல்லாம் அவனிடம் இருக்கும். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை இங்கே தடுமாறும். அதாவது, ஒரு நாளில் அந்த ஒரு பாடவேளையிலாவது அவன் முன்னால் நிற்க முடியும். ஆனா நாம என்ன செய்யறோம்? ‘அப்படிப் பேசாதே, ஒழுங்காப் பேசு’ என்று திருத்திவிட்டுப் பயிற்சித்தாளை நீட்டுகிறோம். அவனுடைய ஒரே மூலதனத்தையும் நாமே செல்லாக்காசு ஆக்கிவிடுகிறோம்.

சமூக ஆதரவு என்றால் நிதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஷிஃப்ட் வேலை பார்க்கும் அம்மா வரக்கூடிய நேரத்தில் பெற்றோர் சந்திப்பை வைக்கலாம். வீட்டுப்பாடத்துக்குக் கணினியும் அச்சுப்பொறியும் கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம். வகுப்பு நூலகத் தமிழ்ப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். தொலைஞ்சா தொலையட்டும். இவை எதற்கும் அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை.

நூலின் எல்லா முடிவுகளையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த பாடக்குழுக் கூட்டத்தில் கல்விக் கட்டுரையை மட்டுமாவது சேர்ந்து வாசிக்கலாம். கூடவே ஒரு கேள்வி: நம் மதிப்பீட்டில் எத்தனை மதிப்பெண் நாம் கற்பித்ததற்கு, எத்தனை வீட்டிலிருந்து வந்ததற்கு? வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணிப் பாருங்க.