மடிக்குள் இருக்கும் மீனுக்கு என்ன விலை?

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் சித்தப்பா மகன், உடப்பு வீட்டு விறாந்தையில் இரண்டு பெட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரு மணித்தியாலம் பேசினான். ஒன்று 'ஹொபி' பெட்டி, காட் விற்கும் கடைகளுக்கென்றே வருவது. மற்றது 'பிளாஸ்டர்', சுப்பர்மார்க்கட் தட்டுக்கு வருவது. இரண்டுக்குள்ளும் ஐஸ் ஹொக்கி வீரர்களின் படக் காட்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் உடைத்துப் போடுவது. ஹொக்கி என்றால் மாத்தளையில் ஆடுவது. ஆனாலும் வாய் பிளந்து கேட்டார்கள். எந்தப் பெட்டியில் டொலருக்கு எத்தனை நல்ல காட் விழும் என்பதுதான் பேச்சு முழுவதும். இப்படிப் பெட்டிகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறவர்கள் அங்கே ஏராளமாம். கடைசியில், "விளங்கி வாங்கிற ஆளுக்கு இது சூதில்லை அண்ணே" என்றான். பெட்டிகளை விட்டுவிடலாம். அந்த வாக்கியத்தை விட முடியவில்லை.

ஒப்பீட்டால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். வட அமெரிக்க ஹொக்கி லீக்கின் காட்களை 2014 முதல் அப்பர் டெக் என்ற ஒரே நிறுவனம்தான் அச்சிடுகிறது. அதன் பிரதான தொகுதியின் ஹொபி பெட்டியில் அறிமுக வீரர்களின் 'யங் கன்ஸ்' காட் சராசரியாக 6 இருக்கும். சுப்பர்மார்க்கட் பெட்டியில் அதைவிடக் குறைவு. இது தெரியாமல் காசைக் கொட்டுகிறவனுக்கு ஒப்பீடு கைகொடுக்கும். எத்தனை பக்கற்றுக்கு ஒன்று விழும் என்பதை உறையில் அச்சிடுகிறார்கள், அதுவும் நேர்மைதான்.

சரி, அந்த ஆறை வைத்தே கணக்குப் பார்ப்போம். 2023-24 பருவத்தில் எல்லோரும் தேடியது அறிமுக வீரர் கொனர் பெடார்ட்டின் காட். அது அந்தப் பருவத்தின் இரண்டாம் தொகுதியில் வந்தது. தொகுதியொன்றில் யங் கன்ஸ் ஏறத்தாழ 50. பெட்டிக்கு 6 என்றால் ஒரு குறிப்பிட்ட வீரர் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு. எட்டுப் பெட்டி வாங்கினால் ஒன்று வந்துவிடும் என்று மனம் சொல்லும். அது உறுதியில்லை. எட்டுப் பெட்டி வாங்கும் மூன்று பேரில் ஒருவர் பெடார்ட்டைக் காணாமலே எழுந்து போவார். 'பெட்டிக்கு ஆறு' என்பதை ஒப்பீட்டாளர் கொட்டை எழுத்தில் போடுகிறார். எழுந்து போகிற அந்த மூன்றாவது ஆளுக்கு அவர் பட்டியலில் இடமில்லை.

என் நெடுநாள் குறை இதுதான். ஒப்பிட வேண்டுமென்றால் பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உடப்புக் கரையில் கரைவலை இழுத்து முடிந்ததும் மடியை அவிழ்த்து மீனை மணலில் கொட்டுவார்கள். வியாபாரி சுற்றிவந்து பார்ப்பான், செவுளைக் கிளப்பிப் பார்ப்பான், பிறகுதான் விலை கேட்பான். மடி கடலுக்குள் கிடக்கும்போது அதை யாரும் விலை பேசுவதில்லை. வெறும் சொறி வந்தால் நட்டம் சம்மாட்டிக்கும் வலை இழுத்தவர்களுக்கும். காட் வியாபாரத்தில் இது அப்படியே தலைகீழ். கம்பனிக்கு வெறும் வலை என்பதே கிடையாது. பாடு படாத நாளின் நட்டம் முழுவதும் வாங்குகிறவன் தலையில். எந்தக் கடலில் வலை போட்டால் நல்லது என்று அவனுக்கு ஆலோசனை சொல்கிறவர்தான் ஒப்பீட்டாளர். கம்பனியின் சம்பளமில்லாக் கணக்குப்பிள்ளை என்பேன். கொஞ்சம் கடுமைதான், இருக்கட்டும்.

அமெரிக்காவில் இது சூதாட்டம் என்று காட் கம்பனிகள்மீது வழக்குப் போட்டார்கள். 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது: காசு கொடுத்தவருக்குப் பக்கற்றும், அதோடு ஒரு வாய்ப்பும் கிடைத்துவிட்டன, ஏமாற்றம் ஒரு நட்டமாகாது. சட்டப்படி சரியாக இருக்கலாம். சந்திக்குச் சந்தி விற்கும் நம் லொத்தர் சீட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆனால் எந்தச் சீட்டு 'டொலருக்குப் பெறுமதி' என்று லொத்தர் விற்கிறவர் மதிப்பெண் போடுவதில்லை. கனடாவில் டிம் ஹோர்ட்டன்ஸ் கடைகளில் 2015 முதல் பருவந்தோறும் கோப்பியோடு இந்தக் காட் பக்கற்றும் விற்கிறார்கள். இரவு வேலை முடித்து வருகிற அப்பா பிள்ளைக்கு ஒன்று வாங்கி வருகிறார். தம்பியின் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியதாம்.

"பெடார்ட் காட் தனியாகவும் விற்கிறாங்கள்தானே, முன்னும் பின்னும் பார்த்து வாங்கலாமே?" என்று கேட்டேன். "அதில திரில் இல்லை" என்றான். அப்படியானால் காசு திரிலுக்குத்தான் போகிறது, பட்டியல் மட்டும் காட் கணக்கில் போடுகிறார்கள்.

இதன் உச்சம் 2024 பெப்ரவரியில் நடந்தது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு வீட்டில் கிடந்த, ஓ-பீ-சீ நிறுவனத்தின் 1979-80 ஹொக்கி காட் பொதியை ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம் 37 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு விற்றது. 16 பெட்டி, பெட்டிக்கு 48 பக்கற்று, பக்கற்றுக்கு 14 காட்: மொத்தம் 10,752. தொகுதியில் 396 வகை இருப்பதால், அச்சு ஒரே சீராக விழுந்திருந்தால் ஹொக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியின் அறிமுகக் காட் 27 அளவில் இருக்கலாம். அதே காட்டின் குறையே இல்லாத பிரதி ஒன்று மட்டும் 2021இல் 37 இலட்சத்து 50 ஆயிரத்துக்குப் போனது. பொதிக்குள் அப்படி ஒன்று இருந்ததா, ஓரம் சிதைந்தவை மட்டுமா, விற்கும்போது பார்த்தவர் யாரும் இல்லை. பக்கற்று ஒன்றும் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. காட் ஒன்றுக்கு ஏறத்தாழ 346 டொலர் கொடுத்தவர் வாங்கியது மூடியிருக்கும் நிலையை.

தம்பி திரும்பிப் போகும்போது பிரிக்காத ஐந்தாறு பக்கற்றுகளைப் பிள்ளைகளிடம் விட்டுப் போனான். அவை பெட்டியோடு வாங்கியவை இல்லை, கடையில் உதிரியாக எடுத்தவையாம். வீரர்களின் சட்டைத் துணி பதித்த காட் தடிப்பு என்பதால் பக்கற்றைத் தராசில் வைத்தே சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தான். அடுத்த நாளே பெரியவன் ஒரு பக்கற்றைத் தூக்கிக்கொண்டு முந்தல் நகைக்கடைக்குப் போக ஆயத்தமானான். திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியப்பா தலை நிமிரவில்லை.

"நிறுத்துப் பாத்தவன் எடுத்தது போக மிச்சத்தைத்தானே தம்பி உங்களுக்குத் தந்திருப்பான்?"