மேற்படி

மேற்படி என்ற சொல்லால் ஒரு முறை நான் தலைகுனிந்திருக்கிறேன். என் கட்டுரைத் தொகுதி ஒன்று அச்சில் இருந்தது. கடைசி புரூஃபில் ஒரு வாக்கியத்தையும், ஒரு பெரியவரின் நூலைச் சுட்டும் அடிக்குறிப்பையும் நடுவே சொருகினேன். அடுத்த குறிப்பு 'மேற்படி நூல்' என்று தொடங்குவதை மறந்துபோனேன். யாரோ எழுதிய அசட்டுக் கருத்து அந்தப் பெரியவர் தலையில் விழுந்தது. நாலே வரியில் எனக்குக் கடிதம் எழுதினார். பதில் எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது.

நம்மிடம் இதற்கு ௸ என்று தனி எழுத்தே உண்டு; பழைய பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல்நாட்டார் 'இபிட்' என்பார்கள். 'அதே இடத்தில்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம். அச்சான புத்தகத்தில் வரிகள் இடம் மாறுவதில்லை. ஆகவே இது அங்கே பிழைத்துக் கிடந்தது.

2001-இல் பிறந்த விக்கிப்பீடியாவில் யாரும் எப்போதும் நடுவில் ஒரு வரி சேர்க்கலாம். அங்கே மேற்படி நிற்காது. ஆகவே அடிக்குறிப்புக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். நூல் விவரம் முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டு, மற்ற இடங்களில் பெயரை மட்டும் ஒரு சிறு குறியீட்டுக்குள் இட்டால் போதும். எண் போடுவது இயந்திரத்தின் வேலை. பிள்ளைக்குப் பெயர் இருந்தால் எந்தத் தெருவில் விளையாடினாலும் கூப்பிட்டுவிடலாம் அல்லவா? நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன்.

ஆனால் பெயர் வைக்கும் லட்சணத்தைப் பாருங்கள். அங்குள்ள காட்சித் தொகுப்பியில் எழுதினால், அது தானாகவே முக்காற்புள்ளி பூஜ்யம், முக்காற்புள்ளி ஒன்று என்று பெயர் சூட்டுகிறது. கதாபாத்திரத்துக்கு நான் அப்படிப் பெயர் வைத்தால் நீங்கள் என்னை விடுவீர்களா? சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. ஒருவர் ஒரு பத்தியைச் சுருக்கக் குறியோடு வேறொரு கட்டுரைக்கு எடுத்துச் சென்று ஒட்டுகிறார். அங்கேயும் ஏற்கெனவே ஒரு முக்காற்புள்ளி பூஜ்யம் இருக்கிறது. பிழை என்று எந்தச் சிவப்பெழுத்தும் வராது. குறிப்பு சத்தமில்லாமல் வேறொருவர் நூலைக் காட்டும். என் பெரியவர் கதைதான் மறுபடியும். இங்கே கடிதம் போட விலாசம்கூட இல்லை. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் பெயரிட்டால் இந்த வம்பு பெரும்பாலும் வராது. ஒரு நிமிஷ வேலை.

பக்க எண் இன்னொரு சங்கடம். நானூறு பக்க நூலை இருபது இடத்தில் ஒரே எண்ணால் சுட்டினால் வாசகன் எங்கே போய்த் தேடுவான்? எண்ணுக்குப் பக்கத்திலேயே பக்கத்தை ஒட்டும் வார்ப்புரு ஒன்று உண்டு. பார்ப்பதற்கு ரயில் அட்டவணை மாதிரி இருக்கிறது. ஆசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றை மட்டும் குறிப்பில் தந்து, நூலின் முழு விவரத்தைக் கீழே தனியாக வைக்கும் சுருக்கக் குறிப்பு முறையே எனக்குப் பிடித்தது.

இவ்வளவு குறை சொன்னாலும், பெயரிட்ட குறிப்பு செய்யும் ஓர் உபகாரத்தை மறைக்கக் கூடாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் அப்படிப்பட்ட குறிப்பின் முன்னால் ஏ, பி, சி என்று சிறு எழுத்துக்கள் வரிசையாக நிற்கும். எத்தனை இடத்தில் அந்த நூல் பயன்பட்டதோ அத்தனை எழுத்து. 'மேற்படி, மேற்படி' என்று சிதறிக் கிடந்தால் இந்தக் கணக்கு நம் கண்ணில் படாது. இப்போதெல்லாம் நான் கட்டுரையைப் படிக்குமுன் அடிப்பகுதிக்குப் போய்விடுகிறேன். ஒரே புத்தகத்தின் முன்னால் எழுத்துக்கள் 'என்' வரையில் ஓடியிருந்தால், மேலே வந்து முதல் வரியைக் கொஞ்சம் நிதானமாகவே படிக்கிறேன்.