தேரும் வடமும்: குறியீட்டில் நேர்ப்பொருளின் இடம்

சொல் நேராக உணர்த்தும் பொருளையும் குறியீடாக உணர்த்தும் பொருளையும் எதிரெதிராக நிறுத்தி நோக்கும் போக்கு எமது விமர்சனத்திற் பரவலாகக் காணப்படுகின்றது. குறியீட்டைக் கண்டறிந்ததும் நேர்ப்பொருளைக் கைவிட்டுவிடலாம் என்பதே இப்போக்கின் உட்கிடை. இது எத்துணை பொருத்தமானது என்பது ஆராயற்பாலது.

தமிழ்க் கவிதை மரபு இதற்கு இடந்தரவில்லை. உள்ளுறை உவமம் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு பிறப்பது என்பது தொல்காப்பியர் கருத்து. மருதப் பாடல்களிலே பொய்கையை உழக்கித் தாமரையை மேயும் எருமை, பரத்தையிற் பிரிந்த தலைவனைக் குறிப்பாக உணர்த்தும். ஆயினும், அது முதற்கண் எருமையே. வயலும் பொய்கையும் கேட்போரின் வாழ்வோடு ஒன்றியிருந்தமையாலேயே சொல்லப்படாத பொருளும் அவர்களுக்கு எட்டிற்று.

மஹாகவியின் (1927–1971) ‘தேரும் திங்களும்’ இவ்வகையில் நோக்கத்தக்கது. ஊர் கூடித் தேர் இழுக்கையில் தானும் வடம்பிடிக்க வந்த ஒருவன் சாதியின் பெயராற் தடுத்துத் தாக்கப்படுகிறான். தேர் அசையாது நின்றுவிடுகின்றது. தேரைச் சமுதாயமாகவும், வடத்தைக் கூட்டுழைப்பாகவும், நின்ற தேரைத் தடைப்பட்ட வரலாறாகவும் கொள்ளலாம். அது பிழையன்று. ஆனால் அவ்வளவில் அமைவோமாயின், அவன் கேட்டது எது என்பதை மறந்தவராவோம். அவன் கேட்டது உண்மையான வடம். சாதி காரணமாகச் சமூக உரிமைகளை மறுப்பதைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியிருந்தும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராட வேண்டியிருந்தது. அங்கே மறுக்கப்பட்ட கோயில் வாயில் குறியீடன்று. குறியீட்டை மாத்திரம் காணும் வாசிப்பு, தன்னை அறியாமலே அக்கோரிக்கையைக் கரைத்துவிடுகின்றது.

நேர்ப்பொருள் மட்டும் போதும் என்பதும் இதன் கருத்தன்று. அவ்வாறாயின் கவிதை ஒரு செய்தியாகச் சுருங்கிவிடும். திங்களைத் தொட்டு மீண்ட மனிதனின் உடன்பிறப்பாக அவனைக் காட்டுவதனால், ஓர் ஊரின் கொடுமை மானுடம் முழுவதற்குமான வினாவாக விரிவடைகின்றது. இவ்விரிவு வடத்தைப் பற்றிய கையிலிருந்தே தொடங்குகின்றது என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது.

முற்போக்குக் கவிதையில் இருள், விடிவு, செம்மை முதலிய சொற்கள் காலப்போக்கில் வலுவிழந்தமைக்கும் காரணம் இதுவே. யாருடைய இரவு, எந்த வயலில், எந்த வேலைக்காக விடிந்தது என்பது சொல்லப்படாதபோது, குறியீடு வெறும் இடுகுறியாகிவிடுகின்றது. நேர்ப்பொருளில் உண்மையில்லாத சொல்லுக்குக் குறியீட்டிலும் உண்மையில்லை.