வரைபடமும் வளவும்: கல்முனைக் கரையோர மீள்குடியமர்வு பற்றிய ஒரு நோக்கு

வடிவமைப்பாளர் பிழைபடுவது ஏன் என்னும் வினாவுக்கு உளவியல் தரும் விடையொன்று இன்று பெருவழக்கிலுள்ளது. மனிதர் எல்லாவற்றையும் கணித்து முடிவெடுப்பதில்லை. எளிதில் நினைவுக்கு வருவதையும், முதலிற் கேட்ட எண்ணையும், பழகிய மாதிரியையும் பற்றிக்கொண்டு தீர்மானிக்கின்றனர். 1974இல் ட்வேர்ஸ்கி, கானமன் ஆகிய இருவரும் நிறுவிய கருத்து இது. இதனை மறுப்பதற்கில்லை. எனினும் கல்முனைக் கரையில் நிறுத்தி நோக்கும்போது இதன் போதாமையும் புலனாகின்றது.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டம் 10,000க்கு மேற்பட்ட உயிர்களை இழந்தது. அதன்பின் வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றரும், தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றரும் வீடு கட்டலாகாத வலயமாக அறிவிக்கப்பட்டன. கண்முன் நின்ற பேரலையே அளவுகோலாயிற்று. கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை மக்களுக்கு 200 மீற்றர் என்பது தெருத்தெருவாக ஊரையே இழப்பதாகும். எதிர்ப்புக்குப் பின்னரே எல்லை தளர்த்தப்பட்டது. 500 சதுர அடி என்னும் நியம அளவும் அவ்வாறே முன்வந்து நின்றது. அதற்குள் அறைகளை எவ்வாறு அடுக்குவது என்பதே வரைபவரின் சிக்கலாயிற்று. அங்கு யார், எத்தனை தலைமுறை வாழப்போகின்றனர் என்னும் வினா பின்தள்ளப்பட்டது.

இவ்வினாவே முதன்மையானது. இக்கரையோர முஸ்லிம்களிடையே வீடு பெண்ணின் சீதனம். மூத்த மகள் மணமுடித்ததும் வீடு அவளுக்குரியதாகும். பெற்றோர் இளைய பெண்களோடு அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீடு எழுப்புவர். எனவே வளவின் வெறுமையான பகுதி இன்னும் கட்டப்படாத வீடேயாகும். ‘அழிந்த வீட்டுக்கு ஒரு வீடு’ என்ற கொள்கையின் கணக்கில் அவ்வீடு இடம்பெறவில்லை. ‘குடும்பத் தலைவர்’ என்ற நிர்வாகச் சொல்லோ ஆணையே சுட்டிற்று. கல்முனையின் கிறீன் பீல்ட் போன்ற அடுக்குமாடிகளில் இளைய மகளுக்கென ஒரு சுவர் எழுப்பவும் நிலமில்லை.

இச்செய்தி அறியக் கிடைக்காததன்று. அக்கரைப்பற்றுக் குடும்பங்களின் சீதன அமைப்பை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 1989இலேயே விரிவாக எழுதியிருந்தார். ஊரில் எந்தத் தாயும் அதனைச் சொல்லியிருப்பாள். ஆகவே பிழையை வரைபவரின் மூளைக்குள் மாத்திரம் தேடுவது பொருந்தாது. தனக்கெனக் கட்டுபவனும் குறுக்குவழியிற் சிந்திக்கின்றான். ஆயின் கூரை ஒழுகினால் அவனே நனைகின்றான், திருத்துகின்றான். கொடையாளிக்குக் கணக்குக் காட்டும் வடிவமைப்பாளனை அவன் வரைந்த வீட்டின் ஒழுக்கு எட்டுவதில்லை. தீர்மானிப்பவனும் அதன் விலையைச் செலுத்துபவனும் வேறாகும் உற்பத்தியுறவே மனத்தின் இயல்பான சறுக்கலை ஊருக்குரிய விதியாக்குகின்றது. உளவியலார் இப்பக்கத்தை ஆராய்வது அரிது.

இவ்விடத்தில் நம்மையும் விலக்கிக்கொள்ள இயலாது. சீதனத்தை நிலமானிய எச்சம் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும் வழக்கம் முற்போக்கு விமர்சனத்தில் நெடுங்காலம் நிலவியது. நாமும் அவ்வாறே எழுதியுள்ளோம். பழகிய மாதிரியோடு பொருத்திப் பார்த்த குறுக்குவழியே அதுவும். பெண்ணைப் பெற்றோரின் சுமையையும் கடனையும் அது சரியாகவே கண்டது. நெசவிலும் பாய் பின்னுவதிலும் உழைத்த பெண்ணுக்குக் கணவனால் விற்கமுடியாத ஒரேயொரு சொத்து அவ்வீடுதான் என்பதை அது காணத் தவறிற்று. வீட்டு உறுதியில் எவர் பெயர் எழுதப்படுகின்றது என்ற வினாவை 2005இல் நாம் உரத்து எழுப்பாமைக்கு இதுவும் ஒரு காரணம்.