துளைக்குள் மரையைச் செதுக்க வேண்டுமா?

டேப் (உள்மரை வெட்டும் கருவி) போட்ட துளையை வடிவமைப்பு மென்பொருளில் காட்ட இரண்டு வழிகள் உண்டு. வெறும் துளையை வைத்து, அதில் ‘எம்6, ஆழம் 12’ என்ற குறிப்பைச் சேர்த்துவிடலாம். பெரும்பாலும் திரையில் மரை போல ஒரு தோற்றம் மட்டும் தெரியும். அல்லது சுருள் பாதையில் வெட்டி மரையை முழு வடிவமாகவே செதுக்கலாம். சாலிட்வொர்க்ஸ், ஃபியூஷன், ஃப்ரீகேட் மூன்றிலும் இரண்டுக்கும் வசதி இருக்கிறது. செதுக்கிய மரை கண்ணுக்கு அழகு. புதிதாகக் கற்பவர்களுக்கு அதில்தான் ஆசை. அந்த அழகு எங்காவது உதவுகிறதா என்று பார்க்க, கொடைக்கானலை எடுத்துக்கொள்வோம்.

அங்குள்ள சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் அங்கேதான். அதன் ஆரம்பகாலக் கருவிகளில் பிரிட்டனில் செய்தவை உண்டு. கேம்பிரிட்ஜ் சயின்டிஃபிக் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் அவற்றில் ஒன்று. அன்றைய பிரிட்டிஷ் பட்டறைகளில் பெரிய போல்ட்டுக்கு விட்வொர்த் மரையும், நுண்கருவித் திருகுக்கு பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரையும் புழக்கத்தில் இருந்தன. அப்படிப்பட்ட ஒரு பழங்கருவிக்கு மாற்று உறுப்பு ஒன்றை இன்று வரைய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

0 பி.ஏ. மரையின் விட்டம் 6 மி.மீ., பிட்ச் 1 மி.மீ. நம் எம்6 மரைக்கும் அதே அளவுகள்தான். ஆனால் மரையின் கோணம் பி.ஏ.வில் 47.5 பாகை, மெட்ரிக்கில் 60 பாகை. ஒன்றின் திருகு மற்றதன் துளையில் ஏறினாலும் சரிவுகள் முழுதாகப் பொருந்தாது. செதுக்கும் கட்சிக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது: வடிவத்தை வரைந்தால்தான் கோணம் தெரியும் என்பார்கள். ஆனால் ஆறு மி.மீ. துளைக்குள் இருக்கும் சரிவின் கோணத்தைச் சாதாரணப் பட்டறைக் கருவியால் அளக்க முடியாது. வரைபவர் பழைய திருகை வெளியே எடுத்து, விட்டத்தையும் பிட்சையும் அளந்து, கருவி பழைய பிரிட்டிஷ் பட்டறையில் செய்தது என்பதையும் கணக்கில் கொண்டு, அது எம்6 அல்ல, 0 பி.ஏ. என்று அடையாளம் கண்டு, கோணத்தைத் தரநிலை அட்டவணையிலிருந்துதான் எடுக்கிறார். பெயர் தெரிந்த பிறகே வடிவம் வருகிறது. டேப் போடுபவருக்கும் அந்தப் பெயர்தான் தேவை. கோணம் அவர் கையிலிருக்கும் டேப்பிலேயே இருக்கிறது.

செதுக்கிய மாதிரி சில இடங்களில் பொய்யும் சொல்கிறது. எம்6 உள்மரையின் சிறுவிட்டம் ஏட்டில் 4.917 மி.மீ. பட்டறையில் போடும் ட்ரில்லோ 5 மி.மீ.; அதில் ஏறக்குறைய 77 விழுக்காடு மரை கிடைக்கும், அது போதுமானது. அடி மூடிய துளையில் மரையை அடிவரை செதுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். டேப்பின் முனை சரிந்தது. அதன் முதல் சில பற்கள் முழு மரை வெட்டாது. அதனால்தான் ட்ரில் ஆழம் எப்போதும் மரை ஆழத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆழங்களையும் தனித்தனியாகக் கேட்கும் துளைக் கட்டளை, அழகான சுருளைவிட நேர்மையானது. சுருள் மேற்பரப்புகள் கோப்பைக் கனமாக்கி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் கணினியைத் திணற வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது துளையுள்ள ஒரு தட்டை வரைந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

குறிப்பு முறைக்கும் ஒரு பெருங்குறை உண்டு. கோப்பை வேறு மென்பொருள்களும் திறக்கும் ஸ்டெப் வடிவில் மாற்றி அனுப்பும்போது பெரும்பாலும் குறிப்பு உதிர்ந்துவிடும். பெறுபவர் கண்ணுக்குத் தெரிவது 5 மி.மீ. துளை மட்டுமே. அவர் அதை ட்ரில் செய்து அனுப்பினால் தவறு அவருடையது அல்ல. செதுக்கிய மரை இந்த இடத்தில் ‘இங்கே மரை இருக்கிறது’ என்றாவது எச்சரிக்கும். ஆனால் அது எந்த மரை என்று சொல்லாது; பெறுபவர் எம்6 என்று எண்ணி 0 பி.ஏ. துளையில் எம்6 டேப்பை இறக்கிவிடவும் கூடும். இதற்கு மருந்து வரைபடத் தாள்தான். மரைத்துளையின் முகத்தோற்றத்தில் வெளிவிட்டத்தை மெல்லிய முக்கால் வட்டமாகப் போட்டு, பெயரையும் இரண்டு ஆழங்களையும் பக்கத்தில் எழுதும் மரபு, கணினிக்கு முன்பே இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது.

முப்பரிமாண அச்சுக்குப் போகும் உறுப்புக்கும், வார்ப்பில் நேராக மரையோடு வரும் பிளாஸ்டிக் மூடிக்கும் மரையைச் செதுக்கத்தான் வேண்டும். அங்கே மாதிரியின் வடிவமே பொருளாகிறது. டேப் போடும் உலோகத் துளைக்கு வேண்டாம். சரியான ட்ரில் விட்டத்தில் துளையை வரையுங்கள், மரையின் முழுப்பெயரையும் இரு ஆழங்களையும் குறியுங்கள், ஸ்டெப் கோப்போடு வரைபடத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.