இ-போர்ட்ஃபோலியோ என்னும் புது ரெக்கார்டு நோட்டு

போன செமஸ்டரில் திருச்சிக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் தயாரித்த இ-போர்ட்ஃபோலியோக்கள் நாற்பது போல பார்க்கக் கிடைத்தன. கல்லூரியின் பெயர் வேண்டாம். கூகுள் சைட்ஸில் ஆளுக்கொரு பக்கம். மேலே கோட்டு போட்ட படம், அடுத்து 'என் லட்சியம்', அதற்குக் கீழே சான்றிதழ்கள்: என்.பி.டி.இ.எல்., நான் முதல்வன், ஒருநாள் வெபினார், ரத்ததான முகாம். கடைசியில் 'சுயசிந்தனை' என்று ஒரு பத்தி. அதில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: இந்த அனுபவம் எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. எது பயன்பட்டது, எதற்குப் பயன்பட்டது, அதற்கு முன்னால் என்ன தெரியாமல் இருந்தது? ஒன்றும் இல்லை.

மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது, நாக் குழு வரும்போது காட்டுவதற்கு ஒரு லிங்க். ஜியோடேக் போட்ட புகைப்படங்களோடு அதுவும் ஒரு ஃபைலுக்குள் போய்விடும்.

ஆனால் இந்த யோசனை ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1991இல் பால்சன், பால்சன், மேயர் என்ற மூவர் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. போர்ட்ஃபோலியோ என்பது எல்லாவற்றையும் போட்டு வைக்கிற பெட்டி அல்ல, எதை வைப்பது என்பதில் மாணவருக்குப் பங்கு இருக்க வேண்டும், தன் வேலையைத் தானே திரும்பிப் பார்த்ததற்கான தடயமும் அதில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பாரி ஸிம்மர்மேன் என்ற உளவியலாளர், தன் படிப்பைத் தானே நடத்திக்கொள்வதை ஒரு சுழற்சியாகப் பார்த்தார்: தொடங்குமுன் திட்டம், செய்யும்போது கவனம், முடிந்தபின் அலசல், அந்த அலசலிலிருந்து அடுத்த திட்டம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இ-போர்ட்ஃபோலியோவின் வேலை புரியும். சுழற்சியின் தடயங்களை ஒரே இடத்தில் வைத்து, மாணவரே தன்னைப் பார்த்துக்கொள்ள வழி செய்வது. நியூசிலாந்தில் 2006இல் தொடங்கிய திறமூல மென்பொருள் ஒன்றுக்கு மஹாரா என்று பெயர் வைத்தார்கள். மாவோரி மொழியில் அதற்குச் சிந்தனை என்று பொருள். நம்மூருக்கு வந்து சேர்ந்தபோது சிந்தனை கழன்றுபோய்ப் பெட்டி மட்டும் மிஞ்சியது.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தால் எனக்குத் தெரிகிற காரணம் ரொம்பப் பழையது. நம்மூரில் அறிவியல் படித்தவர்களுக்கு இரண்டு நோட்டுகள் நினைவிருக்கும். ஒன்று அப்சர்வேஷன் நோட்டு. லேபில் கையோடு வைத்துக் கிறுக்குவது, அடித்தல் திருத்தல் எல்லாம் அதில்தான். இன்னொன்று ரெக்கார்டு நோட்டு. பிரவுன் அட்டை போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நோக்கம், கருவிகள், சூத்திரம், முடிவு என்று அழகாக எழுதிக் கையெழுத்து வாங்குவது. கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது. நம் மாணவருக்குப் 'படித்ததைச் சேர்த்து வை' என்றாலே கை தானாக ரெக்கார்டு நோட்டுக்குத்தான் போகும்.

ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவருக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 10.86 என்று வருகிறது. வர வேண்டியது 9.8. ரெக்கார்டில் 9.79 என்று எழுதிவிடுவார், சுபம். அந்த 10.86 எங்கிருந்து வந்தது? ஸ்டாப்வாட்சை அழுத்தும்போது 'பூஜ்யம்' என்று சொல்லாமல் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருப்பார். அப்படி எண்ணினால் 20 அலைவு என்று நினைப்பது உண்மையில் 19தான். அலைவு நேரம் 5 சதவீதம் குறையும், அதன் வர்க்கம் சூத்திரத்தில் கீழே இருப்பதால் விடை சுமார் 10.8 சதவீதம் ஏறும். 9.8 அப்படியே 10.86 ஆகும். அந்த ஒரு தப்பான எண்ணில் ஒரு முழு வகுப்புக்கான இயற்பியல் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டு அதைத்தான் முதலில் அழிக்கிறது.

(ஸ்ரீரங்கத்துக்காரன் என்பதால் சொல்லத் தோன்றுகிறது: கோயிலொழுகு கோயிலின் பெருமைகளை மட்டும் பதியவில்லை. படையெடுப்பு, பெருமாள் ஊரைவிட்டுப் போனது, நிர்வாகச் சண்டைகள் எல்லாம் அதில் உண்டு.)

ராமானுஜனின் நோட்டுகளைச் சிலர் இங்கே உதாரணமாகச் சொல்வார்கள். அவை போர்ட்ஃபோலியோதான், ஆனால் காட்சிக்கான போர்ட்ஃபோலியோ. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். 1910இல் திருக்கோவிலூரில் வி. ராமசாமி ஐயரிடம் வேலை கேட்டுப் போனபோது காட்டியது அந்த நோட்டுகளைத்தான். கதவு திறந்தது. ஆனால் வழி அழிந்துபோனதால், அந்த நோட்டுகளுக்கு புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் விளக்கமும் நிரூபணமும் எழுத வேண்டியிருந்தது. ராமானுஜனுக்கு முடிவு மட்டும் போதும். அரியர் வைத்திருக்கும் இரண்டாம் வருட மாணவிக்குப் போதாது.

அப்படி ஒரு மாணவியை எனக்குத் தெரியும். மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவள், வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கணக்குக் கேட்க வருவாள். அலைடு கணிதம் இரண்டு தடவை போய்விட்டது. "எனக்குக் கணக்கே வராது சார்" என்பதுதான் அவள் தன்னைப் பற்றி எழுதிவைத்திருந்த ஒரே மதிப்பீடு. தப்பாகப் போன ஒவ்வொரு கணக்கையும் போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி, கீழே தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னேன். 'மைனஸ் விட்டுட்டேன்', 'பிராக்கெட் போடல', 'சூத்திரம் மறந்துட்டேன்'. முப்பது படம் சேர்ந்ததும் அவளே எண்ணினாள். இருபத்தொன்று குறித்தவறு, அதிலும் பெரும்பாலும் பகுதித் தொகையிடலை இரண்டாம் முறை செய்யும்போது வருவது. வராதது கணக்கு இல்லை, அடைப்புக்குறி. அதற்குப் பிறகு அவள் பயிற்சி செய்யும் விதமே மாறிவிட்டது. ரிசல்ட் இன்னும் வரவில்லை.

அவளுக்கும் கல்லூரிச் சைட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. இந்த முப்பது படத்தில் ஒன்றுகூட அங்கே இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது குப்பை சார், அதைப் போய் எப்படி சைட்ல போடறது?"

இந்த இடத்தில்தான் இப்போதைய திட்டங்களோடு எனக்குச் சண்டை. டிஜிலாக்கர் 2015இலேயே வந்துவிட்டது, கிரெடிட் வங்கிக்கான யு.ஜி.சி. விதிமுறைகள் 2021இல் வந்தன. சான்றிதழைப் பத்திரப்படுத்த இவை போதும், நல்லாவே வேலை செய்கின்றன. அதே வேலையைச் செய்ய இன்னொரு சைட் எதற்கு? குப்பைக்கு இடம் இல்லாத போர்ட்ஃபோலியோ மாணவருக்கு எதையும் சொல்லித்தராது.

இதற்கும் மார்க் போட்டால் குப்பையையும் அழகாகத் தயாரித்துவிடுவார்களே என்று பேராசிரிய நண்பர் ஒருவர் கேட்டார். நியாயம்தான். சாட்ஜிபிடி இரண்டு நிமிஷத்தில் உருக்கமான சுயசிந்தனை எழுதித் தரும். மார்க்கே இல்லையென்றால் யாரும் செய்யவும் மாட்டார்கள். இங்கே அகமதிப்பீட்டுக்கு இருப்பது 25 மார்க், எழுத்துத் தேர்வுக்கு 75. என் யோசனை, எழுதியதற்கு மார்க் வேண்டாம், பேசுவதற்குக் கொடுங்கள். வைவா நமக்குப் பழகிய விஷயம். 25இல் ஐந்தை ஒதுக்கி, மாணவர் தானே தேர்ந்தெடுத்த ஒரு தப்பை வைத்து ஐந்து நிமிடம் கேளுங்கள்: இது எப்படி ஆச்சு, அடுத்து என்ன செஞ்சே? அறுபது பேர் வகுப்பில் மொத்தம் ஐந்து மணி நேரம். ஆசிரியருக்குச் சுமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு மாற்றலாம். பேச்சும் குறிப்பும் தமிழில் இருக்கட்டும். தன் குழப்பத்தைச் சொல்ல ஆங்கிலம் தேட வேண்டியிருந்தால், 'பயனுள்ளதாக இருந்தது' வாக்கியம்தான் திரும்ப வரும்.

இன்னொன்று, கணக்கு யாருடையது என்பது. பல கல்லூரிகளில் இந்தப் பக்கங்கள் கல்லூரி மெயில் ஐடியில் இருக்கின்றன. வரம்பற்ற சேமிப்பை நிறுத்தி, நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்ற அளவை 2022இல் கூகுள் கொண்டுவந்த பிறகு, படித்து முடித்தவர்களின் கணக்குகள்தான் முதலில் கைவைக்கப்படுபவை. மூன்று வருடக் குறிப்புகள் டி.சி. வாங்குகிற அன்றே போய்விடலாம். சொந்த மெயிலில் ஒரு பிரதி எடுத்து வைக்க, முதல் செமஸ்டரிலேயே ஒரு வகுப்பு ஒதுக்கினால் போதும்.